மிளகும் மரமும்: ஆண்களுக்கான ‘உட்டி ஸ்பைசி’ சென்ட்டை வீட்டில் கலக்க முழுமையான வழிகாட்டி

மர மணமும் மசாலா மணமும் சேர்ந்த சென்ட்களை ‘உட்டி ஸ்பைசி’ என்று ஒரே பெயரில் விற்றாலும், அந்த வகைக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத ஆட்கள் இருக்கிறார்கள். கார்ட்டியே 1998-ல் கொண்டுவந்த ‘டெக்லராசியோன்’ ஏலக்காயை முன்னால் நிறுத்துகிறது. மெல்லிய, படித்த, கொஞ்சம் குறும்பான மனிதரின் வாசனை அது. அதை உருவாக்கிய ழான் குளோத் எலெனாவே 2006-ல் ஹெர்மெஸ் நிறுவனத்துக்கு ‘தேர் டெர்மெஸ்’ செய்தார். ஆரஞ்சுத் தோல், மிளகு, உரசிய கல்லின் நெடி, செடார், வெட்டிவேர் என்று போகும் அதில், தனியாக நடந்து பழகிய ஒருவர் தெரிவார். விக்டர் அண்ட் ரோல்ஃபின் ‘ஸ்பைஸ்பாம்’ (2012) மிளகாய், குங்குமப்பூ, புகையிலை என்று இரவு விருந்துக்குக் கிளம்புகிறது.

ஆகவே சென்ட் கலக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த மனிதரை நாம் மணக்க வைக்கப்போகிறோம் என்பதுதான். இந்த வழிகாட்டியில் வருபவர் குரலை உயர்த்தாதவர். சுத்தமான பருத்திச் சட்டை, மடித்துவிட்ட கை, சொன்ன நேரத்துக்கு வருகை. அறைக்குள் நுழைந்ததும் ஒரு சுறுசுறுப்பு தெரிய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால் இதம் தெரிய வேண்டும். அவர் எழுந்து போன பிறகு நாற்காலியில் வெட்டிவேரும் சந்தனமும் லேசாக மிஞ்ச வேண்டும். மிளகு அந்தச் சுறுசுறுப்பைத் தரும். ஜெரேனியமும் துளி கிராம்பும் இதம் தரும். நம்பகம் என்று சொல்லும் அந்தக் கனம் மரங்களிடமிருந்துதான் வரும்.

இதில் நம் மூக்குக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. கிராம்பை முகர்ந்தால் ஐரோப்பியருக்குக் கார்னேஷன் பூவும் பழைய முடிதிருத்தும் கடையும் நினைவுக்கு வரலாம். நமக்கு வருவது பிரியாணி, இல்லையென்றால் பல்வலி. ஏலக்காய் என்றால் பாயசம். பட்டை என்றால் குருமா. வெளிநாட்டுச் செய்முறையை அளவு மாற்றாமல் அப்படியே கலந்தால், சட்டையில் கரம் மசாலா கொட்டியவர் மாதிரி ஆகிவிடும். மசாலாவைச் சமையலறையிலிருந்து வெளியே அழைத்துவருவதுதான் இந்த வேலையின் மையம். கீழே உள்ள ஒவ்வொரு அளவும் அதை மனத்தில் வைத்துப் போட்டது.

படி 1: கருவிகள்

சொட்டுக் கணக்கை மறந்துவிடுங்கள். வெட்டிவேர் எண்ணெயின் ஒரு சொட்டும் மிளகு எண்ணெயின் ஒரு சொட்டும் எடையில் ஒன்றல்ல. சொட்டும் குழாயின் வாய் மாறினாலும் எடை மாறும். நகைக்கடைத் தராசு போன்ற சிறிய டிஜிட்டல் தராசு வேண்டும், 0.001 கிராம் வரை காட்டுவதாக இருந்தால் நல்லது. 0.01 கிராம் தராசுதான் கிடைக்கிறது என்றால், கீழே உள்ள அளவுகள் அனைத்தையும் இரட்டிப்பாக்கி, பாட்டில்களையும் அதற்கேற்பப் பெரிதாக எடுத்துக் கலக்குங்கள். அந்தத் தராசில் 0.06 கிராம் நிறுத்தால் ஆறில் ஒரு பங்கு பிழை வரும். இரட்டித்தால் பிழை பாதியாகக் குறையும்.

மற்றவை எளியவை. 10 மில்லி கண்ணாடிப் பாட்டில்கள் சில, 50 மில்லி பழுப்புப் பாட்டில் ஒன்று, 30 மில்லி ஸ்பிரே பாட்டில் ஒன்று, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பிப்பெட்டுகள், காபி ஃபில்டர் தாள், முகர்ந்து பார்க்கக் காகிதப் பட்டைகள். பட்டை கிடைக்காவிட்டால் வாசனையில்லாத தடித்த வரைதாளை விரல் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு எண்ணெய்க்கும் தனிப் பிப்பெட். ஒரே பிப்பெட்டைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தினால் கிராம்பு எல்லாவற்றிலும் ஏறிவிடும்.

படி 2: ஆல்கஹால்

இங்கேதான் பலருடைய சென்ட் முதல் நாளே கெடுகிறது. வேண்டியது பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹால் என்று விற்கப்படும், 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால். வாசனைப் பொருள் விற்கும் கடைகளில் குடிக்க முடியாதபடி சேர்மம் கலந்து விற்பார்கள்.

சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் இருப்பதால் எண்ணெய் கலங்கிப் பால் போலாகும், தோலில் பிசுபிசுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் எண்ணெய் கரையும். ஆனால் அதன் ஆஸ்பத்திரி நெடி மிளகின் முதல் பத்து நிமிடத்தை முழுதாக அழித்துவிடும். மரவேலைக்கு வாங்கும் ஸ்பிரிட்டை மட்டும் தொடவே கூடாது. அதில் மெத்தனால் இருக்கலாம். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும் விஷம் அது.

எத்தனாலின் ஆவி நம் ஊர் அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். சமையலறையில் கலக்காதீர்கள். விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது. சன்னல் திறந்திருக்கட்டும்; மின்விசிறி மட்டும் வேண்டாம், தராசு நிலைகொள்ளாது.

படி 3: பதின்மூன்று பொருட்கள்

மிளகு எண்ணெய்: நீராவியில் வடித்தது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் ஆவியாகாத பொருள் என்பதால் வடித்த எண்ணெயில் வராது. ஆகவே இது எரிக்காது. உலர்ந்த, சற்றே மரம் கலந்த, கூர்மையான மணம் மட்டும் இருக்கும். மசாலாப் பொருட்களில் நம் மூக்கைச் சமையலறைக்கு இழுக்காதது இது ஒன்றுதான் என்பதால் இந்தச் செய்முறையில் இதற்கே முதல் இடம். காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும். கெட்ட மிளகு எண்ணெயில் டர்பன்டைன் நெடி அடிக்கும். சிறிய பாட்டிலாக வாங்கி, நிறைய வைத்து, குளிர்ந்த இடத்தில் பாதுகாக்கவும்.

ஏலக்காய் எண்ணெய்: போடிநாயக்கனூர் ஏல மையத்துக்கு வரும் ஏலக்காயைக் கையில் கசக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இனிப்புக்கு முன்னால் ஒரு குளிர்ச்சி வரும். சினியோல் என்ற சேர்மம் தரும் குளிர்ச்சி அது. நமக்கு வேண்டியது அந்தப் பகுதி. வெனிலா, டோங்கா கொட்டை போன்ற இனிப்பு மணங்களோடு சேர்த்தால் உடனே பாயசம். இந்தச் செய்முறையில் வெனிலா இல்லாததற்குக் காரணம் இதுதான்.

கிராம்பு மொட்டு எண்ணெய்: பெரும்பகுதி யூஜினால் என்ற சேர்மம்; கிராம்பு மணமே அதுதான். கன்னியாகுமரி மலைத்தோட்டத்துக் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றது. எண்ணெயும் தரமானதாகக் கிடைக்கும். ஆனால் தோலில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய பொருள் என்பதால் 10 சதவீதக் கரைசலாக மட்டுமே பயன்படுத்துகிறோம். முடிந்த சென்ட்டில் தூய கிராம்பு எண்ணெய் 0.16 சதவீதம்தான் வரும்.

ஜாதிக்காய் எண்ணெய்: மிளகையும் மரத்தையும் இணைக்கத் துளி. கூடினால் மருந்துக்கடை நெடி.

ஜெரேனியம் எண்ணெய்: ரோஜாவின் சாயலும் இலைப்பச்சையும் உள்ளது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்க்கப்பட்டு வந்த செடி. கிராம்பைப் பிரியாணியிலிருந்து பிரிப்பது இதுதான்: யூஜினாலும் ரோஜாச் சாயலும் சேர்ந்தால் மூக்கு அதைப் பூவாக எடுத்துக்கொள்ளும். கார்னேஷன் மணத்தைச் செயற்கையாகக் கட்டும் பழைய முறை இது.

பெர்கமாட் எண்ணெய்: ஒரு வகை ஆரஞ்சுப் பழத்தின் தோலிலிருந்து எடுப்பது. கட்டாயம் எஃப்.சி.எஃப். (ஃபூரோகூமரின் நீக்கியது) என்று குறித்ததை வாங்குங்கள். சாதாரண பெர்கமாட்டில் உள்ள ஃபூரோகூமரின்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து கருத்துவிடும். நம் ஊர் வெயிலில் இதில் சமரசம் வேண்டாம்.

செடார் எண்ணெய்: விர்ஜினியா செடார். பென்சில் சீவும்போது வரும் அதே வாசனை, ஏனென்றால் பென்சில்கள் நெடுங்காலம் அந்த மரத்தில்தான் செய்யப்பட்டன. இமயமலைத் தேவதாரு எண்ணெய் மலிவு. ஆனால் அதன் பிசின் நெடி மிளகை அமுக்கும்.

வெட்டிவேர் எண்ணெய்: ஹெய்தி நாட்டு எண்ணெய் சுத்தமானது, கொஞ்சம் எலுமிச்சைச் சாயலும் உண்டு. ஜாவா எண்ணெயில் புகை அதிகம். வட இந்தியாவில் செப்புக் கலத்தில் வடிக்கும் ரூ கஸ் பச்சை நிறத்தில், ஈர மண்ணின் மணத்தோடு வரும். கடலூர்க் கடற்கரை மணலில் விளையும் வேரின் மணத்தோடு வளர்ந்தவர்களுக்கு ரூ கஸ்தான் பிடிக்கும். முதல் முயற்சிக்கு ஹெய்தி போதும்.

சந்தன எண்ணெய்: ஏமாற்று அதிகம் நடக்கும் பொருள். சந்தன மணத்தைத் தரும் சேர்மங்கள் சாண்டலால்கள். சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 3518 சொல்வது, ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 சதவீதம். விற்பவரிடம் ஆய்வறிக்கை கேளுங்கள். அறிக்கை இல்லையென்றால் காகிதப் பட்டையில் ஒரு தொடுதல் வைத்துப் பொறுத்திருங்கள். நல்ல சந்தனம் முதலில் அடங்கியே இருக்கும், மறுநாளும் அதே பால் மணத்தோடு நிற்கும். வைத்தவுடன் அறை முழுக்கப் பரவி மாலைக்குள் காணாமல் போனால் அது கலப்படம். விலை கட்டுப்படியாகாதவர்கள் கிவாடன் நிறுவனத்தின் ஜாவனோல் என்ற செயற்கைச் சந்தனத்தை 10 சதவீதக் கரைசலாக அதே எடையில் போடலாம். மணம் சற்று உலோகத்தனமாக இருக்கும், நீடிப்பில் குறைவிருக்காது.

பச்சௌலி எண்ணெய்: ஒரு மணச்செடியின் இலையில் வடித்தது. அடியில் கொஞ்சம் இருள் சேர்க்க.

ஐசோ இ சூப்பர், ஹெடியோன், ஆம்ப்ராக்ஸான்: மூன்றும் ஆய்வகப் பொருட்கள். இவை இல்லாமல் எண்ணெய்களை மட்டும் கலந்தால் கிடைப்பது கனமான தைலம். ஐசோ இ சூப்பர் மரத்தின் பட்டுப்போன்ற பகுதி. ‘தேர் டெர்மெஸ்’ உட்படப் பல ஆண்கள் சென்ட்களின் முதுகெலும்பு. ஹெடியோன் மல்லிகையின் காற்றோட்டத்தைத் தரும். டியோரின் ‘ஓ சவாஜ்’ 1966-ல் இதை உலகுக்குக் காட்டியது. ஆம்ப்ராக்ஸான், திமிங்கிலத்திலிருந்து வரும் அம்பர்கிரிஸ் மணத்தின் மாற்று; படிகமாக வரும், தோலோடு ஒட்டி நீண்ட நேரம் நிற்கும்.

படி 4: மூக்கைத் தயார்செய்தல்

கலக்கும் முன், பதின்மூன்றையும் தனித்தனியாகப் பட்டையில் வைத்து, பெயர் எழுதி, வைத்தவுடன், ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் காலை என மூன்று முறை முகருங்கள். ஒரே அமர்வில் நான்கைந்துக்கு மேல் வேண்டாம், மூக்கு மரத்துவிடும். காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்பார்கள். அதுவும் இன்னொரு வாசனைதான். சட்டை மடித்த உங்கள் முழங்கையை முகர்ந்தாலே போதும், அல்லது ஐந்து நிமிடம் வெளிக்காற்று.

ஐசோ இ சூப்பரை முகரும்போது ‘ஒன்றுமே வரவில்லையே’ என்று தோன்றலாம். சிலருக்கு அது விட்டுவிட்டுத்தான் தெரியும், சிலருக்கு மிக மங்கலாகவே தெரியும். பாட்டில் போலி என்று முடிவுகட்டி அளவைக் கூட்டிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரை முகரச் சொல்லுங்கள்.

படி 5: கரைசல்கள்

கிராம்பு எண்ணெய் 1 கிராம், ஆல்கஹால் 9 கிராம்: இது 10 சதவீதக் கிராம்புக் கரைசல். ஆம்ப்ராக்ஸான் படிகம் 1 கிராம், ஆல்கஹால் 9 கிராம்: இது 10 சதவீத ஆம்ப்ராக்ஸான் கரைசல். படிகம் கரையச் சோம்பினால் பாட்டிலை இறுக மூடி வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திக் குலுக்குங்கள். அடுப்பில் சூடாக்கவே கூடாது. இரண்டிலும் பெயர், சதவீதம், தேதி எழுதி ஒட்டுங்கள்.

படி 6: மரத்திலிருந்து தொடங்குதல்

வாசனையில் முதலில் வருவது மேல் மணம், அடுத்து நடு மணம், கடைசிவரை நிற்பது அடி மணம். கலக்கும்போது மேல் மணம்தான் கடைசி. வீடு கட்டுகிறவர் கடைக்காலிலிருந்து தொடங்குவது போல மரத்தை முதலில் நிலைநிறுத்த வேண்டும். பழுப்புப் பாட்டிலைத் தராசில் வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் முன்பு பூஜ்யமாக்கி, இந்த வரிசையில் நிறுங்கள்.

அடி மணம், மொத்தம் 2.12 கிராம்:
ஐசோ இ சூப்பர் – 0.80
செடார் – 0.40
சந்தனம் – 0.30
ஆம்ப்ராக்ஸான் 10% கரைசல் – 0.30
வெட்டிவேர் – 0.24
பச்சௌலி – 0.08

நடு மணம், மொத்தம் 1.00 கிராம்:
ஹெடியோன் – 0.40
கிராம்பு 10% கரைசல் – 0.40
ஜெரேனியம் – 0.14
ஜாதிக்காய் – 0.06

மேல் மணம், மொத்தம் 0.88 கிராம்:
பெர்கமாட் எஃப்.சி.எஃப். – 0.42
மிளகு – 0.30
ஏலக்காய் – 0.16

எல்லாம் சேர்ந்து 4.00 கிராம். வெட்டிவேரும் சந்தனமும் குழம்பு போலக் கெட்டியானவை. பிப்பெட்டில் ஏறத் தயங்கும். பாட்டிலைப் பத்து நிமிடம் உள்ளங்கையில் பிடித்து இளக்கிக்கொண்டு எடுங்கள். ஒரு துளி கூடிவிட்டால் திரும்ப எடுக்க முயலாதீர்கள். அதற்குள் மற்றவையும் கலந்துவிட்டன. கூடிய அளவைக் குறித்துக்கொண்டு அதே விகிதத்தில் மற்ற பொருட்களை உயர்த்துங்கள்.

அடி மணத்தை மட்டும் கலந்ததும் அங்கேயே நிறுத்தி, ஒரு இரவு விட்டு, காகிதப் பட்டையில் தொட்டு முகருங்கள். புதிதாக அறுத்த மரம், அதன் அடியில் ஈர வேர், அதற்கும் கீழே பால்போன்ற மென்மை. இந்த வரிசை தெரிகிறதா என்று பாருங்கள். வேர் முன்னால் வந்து நின்றால் உங்கள் வெட்டிவேர் எண்ணெய் முரடானது, செடாரை 0.05 கிராம் கூட்டுங்கள். அடி சரியாக இல்லாமல் மேலே போகாதீர்கள். மசாலாவால் மரத்தின் குறையை மறைக்க முடியாது. இரண்டு மணி நேரத்தில் மசாலா போய்விடும், குறை மட்டும் மாலை வரை நிற்கும்.

பிறகு நடு மணம். கிராம்பும் ஜெரேனியமும் சேர்ந்தவுடன் மீண்டும் முகர்ந்து பாருங்கள். பூவும் இல்லை, மசாலாவும் இல்லை என்று சொல்லும்படியான ஒரு சூடு தெரிந்தால் சரி. சாப்பாட்டு நினைவு வந்தால் ஜெரேனியத்தை 0.03 கிராம் கூட்டிப் பாருங்கள். கடைசியாக மேல் மணம். அது சேர்ந்ததும் பாட்டில் திடீரென்று உயிர்பெற்றதுபோல இருக்கும். அந்த மகிழ்ச்சியில் மிளகை இன்னும் கொஞ்சம் என்று சேர்த்துவிடாதீர்கள். ஆல்கஹால் சேரும்போது மிளகு இதைவிட மேலே தூக்கும்.

படி 7: ஊறவிடுதல்

கலந்த 4 கிராம் செறிவை மூடி, இருட்டான அலமாரியில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு 21.00 கிராம் ஆல்கஹால் சேர்த்து மெதுவாகச் சுழற்றுங்கள். மொத்தம் 25 கிராம். எத்தனால் தண்ணீரைவிட இலேசானது என்பதால் இது ஏறக்குறைய 30 மில்லி. கரைசல்களில் இருந்த ஆல்கஹாலைக் கழித்தால் தூய வாசனைப் பொருள் 3.37 கிராம், அதாவது 13.5 சதவீதம். ஓ டி டாய்லெட் என்று விற்கும் இலேசான வகை சென்ட்களின் மேல்வரம்புக்குப் பக்கத்தில் வரும். நம் வெப்பத்துக்கு இதுவே சரியான அடர்த்தி. இருபது சதவீதத்துக்கு மேல் போனால் வியர்வையோடு கலந்து மூச்சு முட்டும்.

மறுபடியும் இருட்டில் மூன்று வாரம். முதல் சில நாட்கள் ஆல்கஹாலின் குத்தலும் மிளகின் கூர்மையும் தனித்தனியாகத் தெரியும். நாளாக ஆக ஓரங்கள் மழுங்கி ஒரே மணமாகும். பொறுமையில்லாமல் நான்காம் நாளில் முகர்ந்து ‘சரியில்லை’ என்று எதையாவது சேர்ப்பதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு.

மூன்று வாரம் முடிந்ததும் ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் குளிர்ச்சியோடே காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி ஸ்பிரே பாட்டிலில் ஊற்றுங்கள். எண்ணெய்களின் மெழுகுப் பகுதி குளிரில் திரண்டு தாளில் நின்றுவிடும். இதைச் செய்யாவிட்டால் பின்னாளில் அது ஸ்பிரே முனையை அடைக்கும்.

ஆல்கஹால் இல்லாத அத்தராக வேண்டுவோர், கிராம்பையும் ஆம்ப்ராக்ஸானையும் டைபுரோபைலின் கிளைக்கால் என்ற கரைப்பானில் கரைத்து, 4 கிராம் செறிவுக்கு அதே திரவம் 16 கிராம் சேர்த்து, இரண்டு 10 மில்லி ரோல்-ஆன் பாட்டில்களில் நிரப்பலாம். தேங்காய் எண்ணெயை இதோடு கலக்க வேண்டாம், பிரிந்து நிற்கும். அத்தர் வடிவில் மேல் மணம் மெதுவாக எழும், வீச்சு குறையும், தோலோடு நெருக்கமாக இருக்கும். இந்த மனிதரின் குணத்துக்கு அதுவும் பொருந்தும்.

படி 8: தோல் சோதனை

முழங்கையின் உட்புறத்தில் ஒருமுறை அடித்து 48 மணி நேரம் கவனியுங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு எது வந்தாலும் அந்தக் கலவை உங்களுக்கு ஆகாது. இலவங்கப்பட்டை எண்ணெயை இந்தச் செய்முறையில் சேர்க்காததற்கு ஒவ்வாமையும் ஒரு காரணம். அதிலுள்ள சின்னமால்டிஹைடு கிராம்பைவிடக் கடுமையாகத் தோலைச் சீண்டும். சவரம் செய்த உடனே கன்னத்திலும் கழுத்திலும் அடிக்காதீர்கள். குழந்தையைத் தூக்கும் கையிலும் வேண்டாம்.

படி 9: போட்டுப் பார்த்து மதிப்பிடுதல்

குளித்து, துடைத்து, உடம்பின் ஈரம் முழுதும் காய்ந்த பிறகு மார்பில் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று. சாதாரண ஸ்பிரே முனை ஒரு அழுத்தத்துக்குச் சுமார் 0.1 மில்லி விடும். அலுவலகத்துக்கு இரண்டு அழுத்தம் போதும். மணிக்கட்டில் அடித்துத் தேய்க்கும் பழக்கத்தால் சூடேறி மேல் மணம் சீக்கிரம் ஓடிவிடும். வறண்ட தோலில் வாசனை நிற்காது; வாசனையில்லாத மாய்ஸ்சரைசரைத் தடவிவிட்டு அடித்தால் கூடுதலாக நிற்கும். வெள்ளைச் சட்டையில் நேராக அடித்தால் பச்சௌலியும் வெட்டிவேரும் மஞ்சள் கறை விடக்கூடும்.

பத்து நிமிடத்தில், ஒரு மணி நேரத்தில், நான்கு மணி நேரத்தில், மறுநாள் காலை கழற்றிப்போட்ட பனியனில் என்று நான்கு முறை குறிப்பெடுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரப் புழுக்கத்தில் மேல் மணம் மிக வேகமாகப் போகும், அடி மணம் பெருத்துத் தெரியும். ஊட்டியிலும் ஏசி அறையிலும் நேர்மாறு: மிளகு நிதானமாக நிற்கும், சந்தனம் வெளிவரத் தாமதமாகும். ஆகவே கலவையைக் குறை சொல்லும் முன், எந்த இடத்தில் போட்டுப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

என்னென்ன கெடும், ஏன் கெடும்

ஆல்கஹால் சேர்த்ததும் கலங்கினால், ஆல்கஹாலில் தண்ணீர் அதிகம். ஒரு சொட்டைத் தனியாக எடுத்துச் சுத்த ஆல்கஹாலில் விட்டுப் பாருங்கள்; தெளிந்தால் காரணம் அதுதான். மொத்தத்திலும் 2 கிராம் சுத்த ஆல்கஹால் சேர்த்தால் பெரும்பாலும் தெளியும்.

பல் மருத்துவமனை நெடி அடித்தால் கிராம்பு கூடியிருக்கிறது, அல்லது ஜாதிக்காயும் கிராம்பும் சேர்ந்து ஒன்றையொன்று தூக்கியிருக்கின்றன. அடுத்த முறை கிராம்புக் கரைசலை 0.25 கிராமாகக் குறைத்து, குறைத்த அளவை ஹெடியோனில் கூட்டுங்கள்.

பாயசம் தெரிந்தால் ஏலக்காயைக் குறைக்கும் முன் சந்தனத்தைச் சந்தேகப்படுங்கள். மலிவான சந்தன எண்ணெய்களில் இனிப்பான சேர்க்கைகள் இருக்கும். அவை ஏலக்காயோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்யும்.

ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே இல்லை என்றால், பாதி நேரங்களில் உங்கள் மூக்குதான் பழகிப்போயிருக்கும். வீட்டில் உள்ளவரைக் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள். உண்மையிலேயே போய்விட்டதென்றால், ஆம்ப்ராக்ஸான் படிகம் சரியாகக் கரையாமல் அடியில் தங்கியிருக்கலாம், அல்லது சந்தனம் போலியாக இருக்கலாம்.

ஆளை மாற்ற அளவை மாற்றுதல்

அடிப்படை கைவந்தபின் விளையாட இடமுண்டு. மொத்தம் 4 கிராம் மாறாமல், ஒன்றைக் கூட்டினால் ஐசோ இ சூப்பரில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மிளகை 0.45 ஆக்கினால் வயது குறையும்; அவசரக்காரர், நேருக்கு நேர் பேசுபவர். காலை நேர்காணலுக்குப் பொருத்தம், நெருங்கி உட்காரும் இரவு உணவுக்குக் கூர்மை அதிகம். வெட்டிவேரை 0.45 ஆக்கினால் ஆள் ஒதுங்கிவிடுவார். வாசிப்பவர், தனிமை விரும்பி. சித்திரை வெயிலில் இதைவிட நல்ல வாசனை கிடையாது என்பது எங்கள் தீர்மானமான கருத்து. சந்தனத்தை 0.60 ஆக்கி ஏலக்காயை 0.08 ஆகக் குறைத்தால் கனிவு வரும், கூடவே கோயில் பிராகாரமும் வரும்; வேட்டி சட்டைக்கு அழகு, சூட்டுக்கு ஒட்டாது. பச்சௌலியை 0.25 வரை கொண்டுபோனால் இரவு மனிதர், தன்னைக் கவனிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். அதற்கு மேல் போனால் பழைய பீரோ.

சீரகம் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். ‘டெக்லராசியோன்’ போன்றவற்றில் சீரகச் சாயல் தோலின் உயிர்ப்பைக் கொண்டுவருகிறது. நம் புழுக்கத்தில் அதே சாயல் வியர்வை நாற்றமாகவே படும். வேண்டாம்.

ஒரு சமயத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் எண் கொடுத்து, எண்ணெய் வாங்கிய கடை, தேதி, எடை எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். முடிந்த சென்ட்டைக் குளியலறை அலமாரியிலும் காரின் டேஷ்போர்டிலும் வைக்காமல், வெளிச்சமும் வெப்பமும் படாத இடத்தில் வைத்தால் ஒன்றிரண்டு வருடம் கெடாது. முதலில் மங்குவது பெர்கமாட்.

நண்பர்களுக்குக் கொடுக்கும் பாட்டிலில் கிராம்பு, ஜெரேனியம், பெர்கமாட் இருப்பதை எழுதிக் கொடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் விலகிக்கொள்ள உதவும். விற்க நினைத்தால் விஷயமே வேறு: இந்தியாவில் சென்ட் அழகுசாதனப் பொருள் என்ற கணக்கில் வருகிறது, 2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வேண்டும், ஆல்கஹால் சம்பந்தப்பட்டதால் மாநில ஆயத்தீர்வை விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். லேபிள் அடிக்கும் முன் இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள்.